தானாக விழித்த பெட்டி

அத்தியாயம் 6

ரேடியோவுக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்த்துக் கொட்டும், இவனுக்குப் பேச்சு வரும். அதனால்தான் வீட்டிலும் வெளியிலும் ரேடியோ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அன்று பிற்பகல் அந்தப் பட்டறையின் மாடிப்படியில் கால் வைத்ததிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை. பயம் எந்த அளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"அண்ணி, உள்ள யாரோ பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி இருக்கு."

"மெஷின், தம்பி."

"மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?"

அண்ணி நிற்காமல் படியேறினார். ரேடியோவின் அண்ணன் மனைவி அவர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். வேலை பார்த்த கேம் சென்டர் மூடிய பிறகு வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தனை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார். சம்பளம் கம்மி, திட்டு தாராளம்.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "மெதுவா வாங்க. இன்னிக்கு வார லீவு, யாரும் இல்ல. ஆனாலும் மச்சானோட கூட்டாளி எப்ப வருவார்னு சொல்ல முடியாது."

மாப்பிள்ளைதான் இவர்களை அமர்த்தியவர். மெலிந்த உருவம், மெலிந்த குரல், கையில் நனைந்த கைக்குட்டை. காணாமல் போயிருப்பது அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன். வீடியோ கேம் ஆடக் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரை வடிவமைக்கிறவர், இந்தப் பட்டறை அவருடையது. இரண்டு கட்டைவிரல்களாலும் சுழற்றுகிற குச்சியில் அவர் கெட்டிக்காரர் என்பதால் தொழில் வட்டாரத்தில் அவருக்குக் குச்சி மாஸ்டர் என்று பெயர். நாலு நாளாக ஆளைக் காணவில்லை. கூடவே அவர் ரகசியமாகச் செய்து முடித்த ஒரு புது கன்ட்ரோலரையும் காணவில்லை.

சோதனை அறையைத் திறந்ததும் சத்தம் முகத்தில் அடித்தது. உள்சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் ஒரு கன்ட்ரோலரைப் படுக்க வைத்து, ரப்பர் நுனி போட்ட எஃகு விரல்கள் அதை அமுக்கிக்கொண்டும் குத்திக்கொண்டும் திருகிக்கொண்டும் இருந்தன. பட்டன் எத்தனை அமுக்குக்குத் தாங்கும் என்று பார்க்கிற யந்திரம். மனிதக் கை இல்லாமல் விரல் மட்டும் வேலை செய்வதைப் பார்த்து ரேடியோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"இதை நிறுத்த முடியாதா சார்? காது போயிடும் போல இருக்கே."

"மச்சான் காணாமப் போன நாள்லேருந்து ஓடுது. நிறுத்தக் கூடாதுன்னு சம்மட்டியோட உத்தரவு. சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவியையும் எடுத்துக்கிட்டார்."

சம்மட்டி என்பது மாஸ்டரின் தொழில் கூட்டாளிக்குப் பட்டப்பெயர். கன்ட்ரோலரின் பிளாஸ்டிக் கூட்டை அச்சில் வார்க்கிறவர், வேறு தெருவில் அவருக்குத் தனிப் பட்டறை. மாப்பிள்ளை கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மச்சானோட இடது கையில ரெண்டு விரல் கிடையாது மேடம். அந்த ஆளோட அச்சு மெஷின்ல போனதுதான். போன வாரம் இதே இடத்துல ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. புது பீஸை ஒரு பெரிய கம்பெனிக்கு வித்துடணும்னு அவர், மாட்டேன்னு மச்சான். 'உன்னை நசுக்கிடுவேன்'னு அவர் கத்தினதை என் காதாலயே கேட்டேன்."

"அந்தப் புது பீஸ்ல அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார் அண்ணி.

"விலை பாதிகூட இல்ல. குச்சி தேயவே தேயாதாம். எனக்கு அதுக்கு மேல தெரியாது, நான் கணக்குப் பார்க்கிறவன். கண்ணால பார்த்ததுகூட இல்ல. வழக்கத்தைவிடச் சின்னதுன்னு காதுல விழுந்துச்சு. இவ்வளவுதான் இருக்குமாம்." வலது கையைத் தூக்கி, விரல்களை வளைத்து, கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டினார்.

அண்ணி அந்தக் கையையே பார்த்தார். அதில் மின்னிய கைக்கடிகாரம் அண்ணிக்குப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, அண்ணன் பாடு திண்டாட்டம்தான் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

"அந்த பீஸ் கிடைச்சாத்தான் மச்சான் உயிருக்கு உத்தரவாதம் மேடம். சம்மட்டி கையில சிக்கறதுக்கு முன்னாடி நம்ம கையில சிக்கணும். நீங்க தேடுங்க. நான் கீழ ஷட்டர்கிட்ட உட்கார்ந்திருக்கேன், அவர் தலை தெரிஞ்சா போன் பண்றேன்."

அவர் காலடி இறங்கிப்போனது. அறையில் அண்ணியும் ரேடியோவும் எஃகு விரல்களும் மட்டும் பாக்கி.

தேடினார்கள். அலமாரி அலமாரியாகச் சிலிக்கான் உறைகள், சார்ஜ் ஏற்றும் தாங்கிகள், குச்சி முனைக்கு மாட்டுகிற தொப்பிகள், ஹெட்செட் மாட்டுகிற கொக்கிகள். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. ஒரு தாங்கியை எடுத்துப் பார்த்த ரேடியோவுக்கு ஒரு நொடி பயமே மறந்துபோனது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. யானையைச் சல்லிசா கொடுத்துட்டு அங்குசத்துல பிடிச்சுக்கிறாங்க அண்ணி. கேமை ஓட்டற கன்சோல் பெட்டி ஒரு தடவைதான் வாங்குவோம், கன்ட்ரோலர் வாங்கிக்கிட்டே இருக்கணும். எங்க கேம் சென்டர் ஏன் மூடினாங்க தெரியுமா? கூட்டம் வராம இல்ல. கல்லா முழுக்க கன்ட்ரோலருக்கே போச்சு."

"உடைச்சுடுவாங்களா?"

"உடைக்கவே வேண்டாம். குச்சிக்கு அடியில ஒரு தகடு, அது மேல ஒரு கம்பி உரசிக்கிட்டே இருக்கும். உரச உரசத் தேயும். தேஞ்சுட்டா, கை வைக்காமலே குச்சி ஒரு பக்கமா இழுக்கும். திரையில இருக்கிறவன் குடிகாரன் மாதிரி தானா நடப்பான். குச்சி ஒண்ணு தேஞ்சா கன்ட்ரோலரையே தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படித்தான் கட்டி வெச்சிருக்காங்க."

அண்ணி அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வாங்க தம்பி. இந்த எண்ணைப் பாருங்க."

யந்திரத்தின் நெற்றியில் அமுக்குகளை எண்ணுகிற பலகை இருந்தது. அத்தனை கட்டத்திலும் ஒன்பது. அதற்கு மேல் ஏற இடமில்லாமல் எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. விரல்கள் மட்டும் குத்திக்கொண்டிருந்தன. அடியில் கிடந்த கன்ட்ரோலரின் பட்டன்கள் எப்போதோ நொறுங்கித் தூளாகியிருந்தன.

"எண்ணுறதுக்கு ஓடல, சோதிக்கறதுக்கும் ஓடல," என்றார் அண்ணி. "பின்ன எதுக்கு ஓடுது?"

"எனக்குத் தெரிய வேண்டாம் அண்ணி. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

அப்போதுதான் அறை மூலையில் இருந்த டிவி பளிச்சென்று எரிந்தது.

ரேடியோ அலமாரியோடு ஒட்டிக்கொண்டான். யாரும் தொடவில்லை. டிவிக்குக் கீழே இருந்த கன்சோல் பெட்டி கிணுங் என்று ஒலி எழுப்பி, நீல விளக்கைப் போட்டுக்கொண்டு, தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி விழித்துப் பார்த்தது. திரையில் வரிசையாகப் படங்கள். அதில் ஒன்றைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம்.

"அண்ணி, நான் தொடல. சத்தியமா நான் தொடல."

"தெரியும். இது எப்படித் தானா எரியும்?"

"தானா எரியாது." ரேடியோ அவசர அவசரமாகச் சொன்னான். "இதோட ஒயர் இல்லாம ஜோடி சேர்த்த கன்ட்ரோலர்ல நடு பட்டனை யாராவது அமுக்கினாத்தான் எரியும். அதுவும் பக்கத்துல இருந்து அமுக்கணும். ஒரு சுவர் தள்ளியோ, ஒரு மாடி தள்ளியோ. தெருக்கோடியில இருந்து அமுக்கினா எரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. இந்தக் கட்டடத்தில், இதோ கைக்கெட்டும் தூரத்தில், யாரோ இருக்கிறார்கள்.

அண்ணி மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்து மெலிந்த சிரிப்பு வந்தது. "அதுவா மேடம், பயந்துட்டீங்களா? பக்கத்து அறையில ரிட்டர்ன் வந்த பழைய கன்ட்ரோலரெல்லாம் சாக்குல கட்டிப் போட்டிருக்கோம். ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி இப்படித்தான் அப்பப்ப பேய் பிடிச்ச மாதிரி எரியும். வேலை செய்யறவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. பீஸ் கிடைச்சுதா?"

ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா. சாக்கு மூட்டைக்கா இவ்வளவு நேரம் நடுங்கினோம்? அண்ணி, இதை மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவன், பார்த்தபடியே நின்றான்.

"என்ன தம்பி?"

"அண்ணி... ரிட்டர்ன் வந்ததுன்னா குச்சி தேஞ்சது. குச்சி தேஞ்சதுன்னா அந்த வெள்ளைக் கட்டம் தானா நகரணும். இடது ஓரத்துக்கோ வலது ஓரத்துக்கோ ஓடிக்கிட்டே இருக்கணும். இது அடிச்சு வெச்ச ஆணி மாதிரி நிக்குது." அவன் குரல் இறங்கியது. "இது தேயாத குச்சி."

அண்ணியின் முகம் வெளுத்ததை அவன் பார்த்தான். அண்ணி பயந்து அவன் பார்த்ததே கிடையாது. அண்ணியே பயந்தால் நான் எங்கே போவேன் என்று அவனுக்கு அழுகை வந்தது.

"மாஸ்டர்," என்றார் அண்ணி. "அந்தப் புது பீஸ் அவர் கையில இருக்கு. எங்கயோ பூட்டி வெச்சிருக்காங்க. கத்தினா கேட்கக் கூடாதுன்னுதான் இந்த மெஷின் ஓடுது."

"அப்ப மெஷினை உடைச்சு நிறுத்திடலாமே."

"யார் ஓட விட்டாங்களோ அவங்க இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நின்ன அடுத்த நிமிஷம் அவங்களுக்குத் தெரிஞ்சுடும். யாருன்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி அது நடக்கக் கூடாது." திரையின் மூலையைச் சுட்டினார். "அது என்ன சிவப்பா?"

கன்ட்ரோலர் படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. "பேட்டரி. சாகப் போகுது."

"அவருக்கும் நமக்கும் நடுவுல இருக்கிறது இந்த ஒரு கோடுதான். அது இருக்கிற வரைக்கும் அவர் எங்க இருக்கார்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. எதையும் தொடாதீங்க."

அண்ணி சுவர்களைத் தட்டிப் பார்க்கப் போனார். ரேடியோ திரை முன்னால் நின்றான். அவன் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நாலு நாளாக எங்கோ இருட்டில் உட்கார்ந்து ஒரு மனிதன் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறான். பெட்டி எரிந்ததா, யாராவது பார்த்தார்களா, ஒன்றும் தெரியாது. பயத்தில் ரேடியோவுக்குப் பெரிய அனுபவம் உண்டு. சின்ன வயதில் இருட்டில் படுத்துக்கொண்டு, "அண்ணா, முழிச்சிருக்கியா?" என்று கேட்டபடியே இருப்பான். அண்ணன் வந்து காப்பாற்றவெல்லாம் வேண்டாம். 'ம்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், தூங்கிவிடுவான். அந்த 'ம்' வராத இரவுகள்தான் நரகம்.

மேசையில் ஒயர் போட்ட சாதாரண கன்ட்ரோலர் ஒன்று கிடந்தது. அதை எடுத்தான். திரையின் மெனுப் பட்டியலுக்குள் போனான். கன்ட்ரோலர் எங்கேயாவது சோபாவுக்கு அடியில் தொலைந்துபோனால் தேடுவதற்காக, அதை அதிர வைக்க ஒரு வசதி உண்டு. அதிர வைத்தால் பேட்டரி மடமடவென்று இறங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் அமுக்கினான்.

"என்ன பண்றீங்க?" அண்ணி பாய்ந்து வந்தார்.

"அதிர வெச்சேன் அண்ணி. அவர் கையில."

"உங்களுக்கு மூளை இருக்கா? இருக்கிற சொச்ச பேட்டரியையும்—"

வெள்ளைக் கட்டம் நகர்ந்தது.

இடது. வலது. இடது. வலது. அதுவரை ஆணி அடித்தாற்போல் நின்றது, கூண்டில் அடைத்த பறவை மாதிரி அங்குமிங்கும் பதறியது. பார்க்காத திரையில், பார்க்காத ஒருவருக்குப் பதில் சொல்லத் துடிக்கிற விரல் அது. ரேடியோவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ நின்றுபோனது.

அப்புறம் சிவப்புக் கோடு அணைந்தது. கன்ட்ரோலர் படமும் மறைந்தது.

அண்ணி கையை உயர்த்தியதைப் பார்த்து அறையப் போகிறார் என்றே அவன் நினைத்தான். அவர் அவன் வாயைத்தான் பொத்தினார். மாடியின் பின்பக்கம் இரும்புப் படி அதிர்ந்தது. கனமான காலடி. மாப்பிள்ளை போன் பண்ணவில்லை.

மேசைக்கடியில் இரண்டு பேரும் புகுந்துகொண்டார்கள். பின்கதவில் சாவி திரும்பியது. முதலில் எண்ணெய் படிந்த ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது, அப்புறம் அதன் பக்கத்தில் தொங்கியபடி ஒரு பெரிய ஸ்பேனர். உள்ளே வந்த ஆள் நேராகக் கூண்டுக்குப் போய் நின்று, "எந்த மடையன் இதை ஓட விட்டது?" என்று தனக்குத்தானே உறுமினார்.

ரேடியோவுக்கு விக்கல் வந்தது. வரக்கூடாத நேரத்தில் வருவதுதானே விக்கலுக்கு அழகு.

மேசை ஒரு பக்கமாகத் தூக்கப்பட்டது. மேலே சம்மட்டியின் முகம். கதவை நிலையோடு பெயர்த்து வைத்தது மாதிரி ஆள்.

"யாருய்யா நீங்க?"

"மாஸ்டரைத் தேடறோம்," என்றார் அண்ணி எழுந்து புடவையைத் தட்டியபடி. குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. "நீங்க?"

"நானும் அவனைத்தான் தேடறேன். வெளியூர் போயிட்டான்னு மாப்பிள்ளை சொல்றாரு. என்கிட்ட சொல்லாம அவன் மூக்குகூடச் சிந்த மாட்டான். ஒத்தைக் கை கூடு என் பட்டறையில தயாரா கிடக்கு, வந்து பாருடான்னா ஆளைக் காணோம்."

"ஒத்தைக் கை கூடா?"

"புது பீஸு. ஒரே கையால ஆடற மாதிரி. அவனுக்கு ரெண்டு விரலை எடுத்தது என் மெஷின், தெரியும்ல? அவனை மாதிரி ஆளுங்களுக்கு இப்ப ஒரு கன்ட்ரோலர் வேணும்னா கம்பெனிக்காரன் ரெண்டு கன்சோல் விலை கேட்கிறான். இவன் சாதாரண விலைக்கும் கீழ கொண்டுவந்துட்டான். கூலி வேண்டாம், கூட்டை நானே வார்த்துத் தரேன்னு சொல்லியிருக்கேன்." ஸ்பேனர் தாழ்ந்தது. "பெரிய கம்பெனிக்காரன் வந்தான், வாங்கறதுக்கு. வித்துக் காசாக்க இல்ல, வாங்கிப் புதைக்கறதுக்கு. தேயாத குச்சி வந்துட்டா அவன் பொழைப்பு தேஞ்சுடுமே. முடியாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் துரத்தினோம்."

"ஒரே கைன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும். அவன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது."

அண்ணி ரேடியோவைப் பார்த்தார். "தம்பி, கன்ட்ரோலர் எவ்வளவு பெரிசுன்னு கையால காட்டுங்க."

ரேடியோ இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி, இரண்டு கட்டைவிரலையும் ஆட்டினான். உலகத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் காட்டுவார்கள். காட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை ஒரு கையைத்தான் தூக்கினார்.

"கண்ணால பார்த்ததே இல்லைன்னு சொன்னாரே அண்ணி."

"பார்த்திருக்கார், அதைக் கம்பெனிக்கு விக்கணும்னு நினைச்சதும் அவராத்தான் இருக்கும். நம்மைக் கூட்டிட்டு வந்ததே அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கத்தான். மச்சான் வாயைத் திறக்கல போல." அண்ணி சம்மட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா இது மோப்பம்தான், சாட்சி இல்ல. நீங்க ஒருத்தரைச் சொல்றீங்க, அவர் உங்களைச் சொல்றார். ஸ்பேனர் வேற உங்க கையிலதான் இருக்கு. ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க."

போனை எடுத்தார். குரலில் ஒரு அப்பாவித்தனம் வந்து உட்கார்ந்துகொண்டது. "சார், அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப எரியுது. பழைய கன்ட்ரோலர் மாதிரி தெரியலைன்னு எங்க தம்பி சொல்றார். பெட்டியைக் கையில தூக்கிக்கிட்டு ஒவ்வொரு சுவர்கிட்டயும் போய்ப் பார்த்தா எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுடலாமாம். நீளமா ஒரு ஒயர் கிடைக்குமா சார்?"

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "இதோ வரேன்," என்றது மெலிந்த குரல்.

மூன்று பேரும் நின்றார்கள். ரேடியோ யந்திரத்தின் குத்துகளை எண்ண ஆரம்பித்தான். சம்மட்டி அசையவில்லை. மாடிப்படியில் காலடி எதுவும் கேட்கவில்லை.

சட்டென்று விளக்கு போனது. டிவி இருண்டது. எஃகு விரல்கள் பாதித் திருகலில் நின்றன. கீழே கடகடவென்று ஷட்டர் இறங்கும் சத்தமும், பூட்டு விழும் சத்தமும் கேட்டன.

"பெட்டியை அணைக்கணும்னு மெயின் சுவிட்சையே பிடுங்கிட்டார்," என்றார் அண்ணி மெதுவாக. "நாம நிறுத்தியிருந்தா அது வெறும் மெஷின் நின்னது. அவர் நிறுத்தினா அது அவர் வாக்குமூலம். இப்ப பேசாம கேளுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிசப்தம் யந்திரத்தின் இரைச்சலைவிட மோசமாக இருந்தது. நாம் தாமதித்துவிட்டோம், அந்த ஆள் போய்விட்டார் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. தடுமாறிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

உள்ளங்கையில் ஓர் உதை பட்டது.

"இங்க. இங்கதான், அண்ணி, இங்க உதைக்கறாங்க."

கூண்டு நின்ற அதே சுவர். சம்மட்டியின் முகம் மாறியது. "சத்தம் கேட்காத ரூம். பட்டன் சத்தத்தைத் தனியா கேட்டுப் பார்க்கறதுக்காக நுரை ஒட்டிக் கட்டினது. ரிட்டர்ன் சரக்கைப் போட்டு மூடியாச்சுன்னு சொன்னானே அந்த மாப்பிள்ளைப் பாவி. நுரை பேச்சை முழுங்கும், உதையை முழுங்காது. அதுக்குத்தான் மெஷினை இங்க தள்ளியிருக்கான்." ஒரு கணம் நிறுத்தினார். "ஐயோ, அதுக்குள்ள காத்து வர்றதே ஃபேன்லதான். கரண்டு போயிடுச்சே."

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். அலமாரி ஒன்று கவிழ்ந்தது. சிலிக்கான் உறைகள் தரையெங்கும் சிதறின. பின்னால் ஒரு தடித்த கதவு, வெளியிலிருந்து கொண்டி போட்டுப் பூட்டியிருந்தது. ஸ்பேனரை இதற்காகவே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது.

புழுக்கமும் வியர்வை நாற்றமும் வெளியே வந்தன. உள்ளே சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், சுவரில் கால் நீட்டியபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. வலது கையில் ஒரு பழைய கன்ட்ரோலர், அதன் முதுகில் 'கழிவு, விலை இல்லை' என்று ஒட்டிய சீட்டு. சம்மட்டி அவரைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வெளியே கொண்டுவந்து கிடத்தினார்.

"பீஸு இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டார் அண்ணி அந்தக் கன்ட்ரோலரைப் பார்த்து.

மாஸ்டர் ஆமாம் என்று தலையசைத்தார். பழைய கூட்டுக்குள் புதுக் குச்சி, கழிவோடு கழிவாக அவரே ஒளித்து வைத்தது. மாப்பிள்ளை ஒற்றைக் கை வடிவத்தைத் தேடினார். விலை இல்லாத பொருளை இரண்டாம் தடவை பார்க்கிற பழக்கம் கணக்குப் பிள்ளைக்கு ஏது? தேடுகிற சாமானையும் அது இருக்கிற இடம் தெரிந்த ஆளையும் ஒரே அறையில் தன் கையாலேயே பூட்டி வைத்துவிட்டு, நாலு நாளாக அது எங்கே, எங்கே என்று கேட்டிருக்கிறார்.

பின்சந்தில் ஒரு கார் உறுமி, ஹாரன் அடித்து, மறுபடி உறுமியது. "என் சரக்கு வண்டியை அவன் காருக்குக் குறுக்கதான் நிறுத்தியிருக்கேன்," என்றார் சம்மட்டி. "சாவி என் பையில இருக்கு." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்படியில் இறங்கினார். அண்ணி ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் போட்டார்.

மாஸ்டர் தண்ணீர் குடித்தார், இருமினார். அப்புறம் மங்கிய குரலில், "யாரு... அதிர வெச்சது?" என்று கேட்டார்.

ரேடியோ பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். திட்டு விழப்போகிறது என்றே நினைத்தான்.

"முதல் நாள் பூரா உதைச்சேன். கத்தினேன். யாரும் வரல. அப்புறம் விட்டுட்டேன். எதுக்கு உதைக்கணும்? பட்டனை மட்டும் அமுக்கிக்கிட்டே இருந்தேன், அதுவும் பழக்கதோஷம்தான்." மூன்று விரல் மட்டும் இருந்த இடது கை ரேடியோவின் மணிக்கட்டைப் பிடித்தது. "திடீர்னு கையில அதிர்ந்துச்சு. வெளியில ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் மறுபடி உதைக்க ஆரம்பிச்சேன்."

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்தார். கொழுந்தனைப் பார்த்தார். திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் கண் கலங்கியதை ரேடியோ பார்த்தான், அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மின்சாரம் இல்லாத அறை அமைதியாகக் கிடந்தது. மாஸ்டரின் கண்கள் கூரையில், சுவரில், திறந்த கதவில் அலைந்தன. பிடித்த கையை அவர் விடவில்லை. அந்தக் கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றார் அண்ணி. "பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. நாலு நாளா ஒரு சத்தமும் கேட்காம கிடந்திருக்கார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டான். மூடிப்போன கேம் சென்டரைப் பற்றி ஆரம்பித்தான். தானாக நடக்கிற குடிகார வீரர்களைப் பற்றி, கல்லாவை முழுங்கிய குச்சிகளைப் பற்றி, சார்ஜ் தாங்கியின் விலைச்சீட்டைப் பார்த்துத் தலை சுற்றியதைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொரு தடவை அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போதும் மாஸ்டர், "ம்," என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையின் நடுக்கம் நின்றது. தன் பயமும் எப்போதோ போய்விட்டிருப்பதை ரேடியோ அப்போதுதான் கவனித்தான், ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.